மாதிரி ரயில் அமைப்புகளில் கற்சுவர்

மாதிரி ரயில் அமைப்பு என்பது ஒரு ரயில் பாதையையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் குறிப்பிட்ட அளவு விகிதத்தில் சுருக்கி மேசைமேல் அமைப்பதாகும். ஆர்வலர்கள் இதை லேஅவுட் என்பர். மலைச்சரிவைத் தாங்கும் சுவர், பாலத்தின் கரைச்சுவர், சுரங்க வாயில், நடைமேடையின் முகப்பு, நிலையத்தின் சுற்றுச்சுவர் ஆகியவை இதில் கற்கட்டாக வருகின்றன. என்ஜினையும் பெட்டியையும் கடையில் வாங்கலாம். ஒரே என்ஜின் பல ஊர்களில் ஓடும். சுவரோ ஓர் ஊருக்கு மட்டுமே உரியது. அந்த ஊரின் கல், கொத்தனாரின் கைப்பழக்கம், மழையும் வெயிலும் விட்டுச்சென்ற கறை எல்லாம் அதில் தெரியும். எனவே சிறிய கற்சுவர் செய்யும் கலையின் வரலாறு, பொம்மையாக இருந்த ரயில் ஓர் ஊரின் பதிவாக மாறிய வரலாறும் ஆகும். இக்கட்டுரை அதனையும், காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு அது எவ்வாறு பயன்படும் என்பதையும் விளக்குகிறது.

தகரத்தில் அச்சிட்ட கற்கள்

விளையாட்டு ரயில்கள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவின. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரைச் சேர்ந்த மார்க்லின் நிறுவனம், 1891ஆம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் ஒரு ரயில் தொகுதியைக் காட்சிக்கு வைத்தது. ஒருமுறை வாங்கியதோடு முடியாமல், தண்டவாளத்தையும் பெட்டிகளையும் பின்னர் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் புதுமை. இங்கிலாந்தில் மெக்கானோ விளையாட்டுப் பொருளை உருவாக்கிய பிராங்க் ஹார்ன்பி 1920இல் ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இக்காலத்து ரயில்களோடு நிலையங்களும் சுரங்கங்களும் விற்கப்பட்டன. அவை பெரும்பாலும் தகரத்தால் ஆனவை. கற்கள் தகரத்தின்மேல் வண்ணத்தில் வரையப்பட்டன அல்லது அச்சிடப்பட்டன. தொட்டால் வழவழவென்று இருக்கும். எந்த நாட்டு மலையைக் குடைந்த சுரங்கம் அது என்று யாரும் கேட்டதில்லை. சிறுவர்கள் தரையில் தண்டவாளத்தை விரித்து விளையாடிவிட்டு மாலையில் எடுத்து வைத்தார்கள். எடுத்து வைக்கவேண்டிய பாதைக்கு நிலம் தேவைப்படவில்லை.

பாதையின் அளவு சுருங்கியபோது நிலைமை மாறியது. தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பழைய ரயிலுக்கு ஒரு கூடம் தேவைப்பட்டது. 1920களிலும் 1930களிலும் ஏறத்தாழ அதில் பாதி அளவுள்ள மேசை ரயில்கள் வந்தன. ஹார்ன்பியின் டப்ளோ வகை 1938இல் வெளியானது. இப்போது ஒரு பலகையின்மேல் பாதையை நிரந்தரமாகப் பொருத்திவிட முடிந்தது. பாதை நிரந்தரமானதும் அதன் இருபுறமும் வெறும் பலகையாக இருப்பது கண்ணை உறுத்தியது. மலை, ஓடை, பாலம், சுவர் ஆகியவை அந்த இடத்தை நிரப்ப வந்தன.

நிலத்தோடு சேர்ந்த ரயில்

இம்மாற்றத்தில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. முதலாமவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் அஹெர்ன். 1930களின் பிற்பகுதியில் தொடங்கி அவர் உருவாக்கிய மேடர் வேலி ரயில்வே என்ற கற்பனைப் பாதையில் ரயிலுக்கு இணையான இடம் ஊருக்கும் தரப்பட்டது. வீடுகள், தெருக்கள், சுவர்கள் ஆகியவற்றை அட்டையாலும் மரத்தாலும் செய்தார். கட்டடங்களைச் சிறிய அளவில் செய்வது பற்றி நூலும் எழுதினார்.

இரண்டாமவர் ரோய் இங்லண்ட். ஆஸ்திரேலியாவில் பிறந்த இவர் 1925இல் இங்கிலாந்துக்கு வந்தார். வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கல் வீடுகளும் கூரை வீடுகளும் அவரை ஈர்த்தன. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை இடிக்கப்பட்டன, உருமாற்றப்பட்டன. அவற்றைத் தடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அளக்க முடியும், வரைய முடியும், செய்ய முடியும். 1:76 என்ற விகிதத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளை ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினார். 1954இல் லாங் விட்டனம் என்னும் ஊரில் இதற்கென ஓர் இடம் அமைந்தது. அதுவே இன்றுள்ள பெண்டன் அருங்காட்சியகம். அஹெர்னின் மேடர் வேலி அமைப்பும் இப்போது அங்கேயே பாதுகாக்கப்படுகிறது.

பெண்டனில் சுவர்கள் பெரும்பாலும் அட்டையால் ஆனவை. அட்டையின்மேல் கல் வரிகளைக் கீறி, ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக நீர்வண்ணம் தீட்டினார்கள். ஒரு வீட்டுக்குப் பல மாதங்கள் பிடித்தன. உண்மை வீட்டில் ஒரு கல் விரிசல் விட்டிருந்தால் மாதிரியிலும் அது இருக்கவேண்டும் என்பது அவர்களின் நோக்கம். பொழுதுபோக்கு என்று தொடங்கிய வேலை, 1920களிலும் 1930களிலும் இருந்த ஒரு கிராமப்புறத்தின் ஆவணமாக ஆயிற்று.

அச்சும் அட்டையும்

எல்லோராலும் மாதக்கணக்கில் கல்லுக்குக் கல் வண்ணம் தீட்ட முடியாது. எனவே வணிக நிறுவனங்கள் எளிய வழிகளைக் கொண்டுவந்தன. கல் வரிசை அச்சிட்ட தாள்கள் முதலில் வந்தன. பிறகு கற்கள் மேடாகத் தெரியும் பிளாஸ்டிக் தகடுகள் வந்தன. ஜெர்மனியில் 1946இல் தொடங்கப்பட்ட ஃபாலர் போன்ற நிறுவனங்கள் வீடு, பாலம், சுரங்க வாயில் ஆகியவற்றை ஒட்டிச் சேர்க்கும் பாகங்களாக விற்றன. பிளாஸ்டர் கலவையை ஊற்றிச் சுவர்த் துண்டுகளை வார்க்கும் அச்சுகளும், கெட்டி நுரையில் கல் பதித்த பலகைகளும் பின்னர் கிடைத்தன. இன்று லேசர் வெட்டும் கருவியும் முப்பரிமாண அச்சுப்பொறியும் இந்த வேலையைச் செய்கின்றன.

இவை நேரத்தை மிச்சப்படுத்தின. ஆனால் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தன. கடையில் கிடைக்கும் தகடு, அதைச் செய்த நாட்டின் சுவரைக் காட்டுவது. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதிச் சுண்ணாம்புக்கல் தேன் நிறமானது; தட்டையாகப் பிளந்து வரும். அந்தத் தகட்டை வாங்கி ஒட்டிவிட்டு அதன் முன்னால் இந்திய ரயிலை ஓட்டினால், ரயில் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனதுபோல் இருக்கும்.

இந்தியாவில் மாதிரி ரயில்

இந்தியாவில் மக்கள் எளிதில் சென்று பார்க்கக்கூடிய மாதிரி ரயில் அமைப்புகளில் புகழ்பெற்றது புனே நகரிலுள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம். பி. எஸ். ஜோஷி என்பவரின் பல ஆண்டு உழைப்பில் உருவான இது 1998 ஏப்ரல் 1 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புதுதில்லியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்திலும், சென்னை ஐ.சி.எஃப். அருகே 2002இல் திறக்கப்பட்ட மண்டல ரயில் அருங்காட்சியகத்திலும் மாதிரிகளைக் காணலாம்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு முன்பே வேறு ஒரு மரபு இருந்தது. அது நவராத்திரிக் கொலு. படிகளில் பொம்மைகளை அடுக்கியபின் தரையில் பூங்கா அமைப்பார்கள். மணலைக் கொட்டி மலை செய்வார்கள். கேழ்வரகையோ வெந்தயத்தையோ முளைக்கவைத்துப் புல்வெளி ஆக்குவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வீட்டில் இருந்தால் அது மலையைச் சுற்றி வரும். தீப்பெட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்புவதும் உண்டு. அளவு விகிதம் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ரயிலைவிடச் செட்டியார் பொம்மை பெரிதாக இருக்கும். ஆயினும் நிலத்தைச் சுருக்கிக் காட்டும் ஆர்வம் அங்கே முழுமையாக இருந்தது. கொலு பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் உருவங்கள் செய்யப்படுகின்றன. சிறு கற்சுவருக்கும் மலைக்கும் இதே காகிதக் கூழ் மிகவும் ஏற்றது.

மூன்று அகலம் கண்ட பாதை

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ரயில் நிலையம் இல்லை. இரண்டுக்கும் கிழக்கே சிங்கப்பெருமாள்கோவில் வழியாகச் சென்னை–செங்கல்பட்டுப் பாதை செல்கிறது. மேற்கே வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை செல்கிறது. இத்தொழிற்பகுதியில் தயாராகும் கார்கள் வாலாஜாபாத்தில் ரயிலேறி வடமாநிலங்களுக்குப் போகின்றன.

மாதிரி செய்பவருக்கு இந்த மேற்குப் பாதை ஒரு பாடப்புத்தகம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது 1676 மில்லிமீட்டர் கொண்ட அகலப் பாதை. அந்தப் பாதையில் உள்ள அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865இல் வேறொரு நிறுவனம் கிளைப் பாதை போட்டது. அதன் அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மில்லிமீட்டர். இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற அந்நிறுவனம் பின்னர் கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் மாறி, 1874இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயுடன் இணைந்தது. அந்த இணைப்பில் பிறந்ததே தென்னிந்திய ரயில்வே. அதன்பின் காஞ்சிபுரம் பாதை மீட்டர் பாதையாக மாற்றப்பட்டுச் செங்கல்பட்டு வரை நீண்டது. நம் காலத்தில் அது அகலப் பாதை ஆயிற்று.

ஒரே வழித்தடத்தில் மூன்று அகலங்கள். 1:87 விகிதத்தில் இவற்றைச் சுருக்கினால் 1067 மில்லிமீட்டர் 12.3 ஆகும். மீட்டர் பாதை 11.5 ஆகும். அகலப் பாதை 19.3 மில்லிமீட்டர் ஆகும். கடையில் இந்த விகிதத்துக்குக் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் சரி. நம் அகலப் பாதைக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைவு. இந்திய ஆர்வலர் பலர் வேறு வழியின்றி இக்குறையை ஏற்றுக்கொள்கிறார்கள். தண்டவாளத்தில் விட்டுக்கொடுக்க நேர்கிறது. சுவரில் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அதை நாமே செய்கிறோம்.

எங்கள் பக்கத்துக் கல்

காட்ஸ்வோல்ட் தகடு இங்கே ஏன் பொருந்தாது என்பதற்கு விடை நம் மலைகளில் இருக்கிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் 1693இல் இறந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைக் கல்லால் ஆனது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அவருடைய பெயரையே கல்லுக்குச் சூட்டினார். பரங்கிமலையில் உள்ள இப்பாறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. உடைத்த முகம் நீலம் கலந்த சாம்பல் நிறம். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். வெயிலிலும் மழையிலும் நாளானால் மேல்தோல் பழுப்பேறும்.

காஞ்சிபுரத்தில் வேறு கல்லையும் காணலாம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் பெரும்பகுதி மணற்கல். அது மென்மையானது, பொரிந்து உதிர்வது. மாவட்டத்தின் மேட்டுநிலங்களில் துளைகள் நிறைந்த செம்பாறாங்கல்லும் உண்டு. இப்பகுதி ஏரிகளின் நாடும்கூட. ஏரிக்கரையின் உட்பக்கம் அலை அரிக்காமல் பதித்த கற்கள், மதகுகள், கலங்கல்கள், வயல் வரப்பில் நட்ட கல் தூண்கள் ஆகியவை இப்பகுதியின் கல்வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஆகவே செங்கல்பட்டு–வாலாஜாபாத் பக்கத்து ரயில் பாலம் ஒன்றைச் செய்பவர் தேன் நிறத்தைத் தேடக்கூடாது. நீலச் சாம்பலை அடித்தளமாக வைத்து, பத்தில் மூன்று கற்களுக்குப் பழுப்பு கலக்கவேண்டும். ஒன்றிரண்டு கற்கள் ஏறக்குறைய கறுப்பாக இருக்கலாம்.

அளவுக் கணக்கு

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு கற்களைப் பெரிதாகச் செய்வது. 1:87 விகிதத்தில் 3 மீட்டர் உயரச் சுவர் 34.5 மில்லிமீட்டர் ஆகும். 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட கல், 3.4 மில்லிமீட்டர் நீளமும் 2.3 மில்லிமீட்டர் உயரமும் பெறும். இது ஓர் அரிசியைவிடச் சிறியது. கற்களுக்கு இடையிலான சுண்ணாம்புக் காரை 15 மில்லிமீட்டர் தடிப்பு என்று கொண்டால் மாதிரியில் அது 0.17 மில்லிமீட்டர். பென்சிலால் அரை மில்லிமீட்டர் தடிப்பில் கோடு போட்டால், உண்மைச் சுவரில் 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி விட்டதற்குச் சமம். அத்தனை காரையைக் கண்டால் எந்த மேஸ்திரியும் சண்டைக்கு வருவார்.

தாங்குசுவர் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. மண்ணின் தள்ளலைத் தாங்க அது மண்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். 12க்கு 1 என்ற சாய்வு வைத்தால், 3 மீட்டர் சுவரின் தலை அடியிலிருந்து 25 சென்டிமீட்டர் உள்வாங்கும். மாதிரியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இந்த 3 மில்லிமீட்டர் இல்லாவிட்டால் சுவர் அட்டை போலத் தெரியும். இருந்தால் பாரம் தாங்குவது தெரியும்.

செய்முறை

எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மூன்று வகைகளில் சுவர் செய்யலாம்.

முதல் வகை கீறுதல். விளம்பரப் பலகை செய்வோர் பயன்படுத்தும் சன்போர்டு 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அதன்மேல் அழுத்திக் கோடு போட்டால் கல் வரி விழும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே ஒற்றினால் கல்லின் சொரசொரப்பு வரும். தெர்மாகோல் இதற்கு ஏற்றதன்று. அதன் மணிகள் தெரியும். தெர்மாகோலின்மேல் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் அது கரைந்தும் போகும்.

இரண்டாம் வகை வார்த்தல். இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூளை ஒரு பங்கு தண்ணீரில் தூவிக் கலக்கவேண்டும். தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி பிடிக்கும். எண்ணெய் தடவிய கண்ணாடியின்மேல் 4 மில்லிமீட்டர் தடிப்பில் ஊற்றி, இறுகியபின் ஈரம் இருக்கும்போதே ஊசியால் கற்களைச் செதுக்கவேண்டும். முழுதும் காய்ந்துவிட்டால் விளிம்புகள் பெயரும்.

மூன்றாம் வகை அடுக்குதல். கல்சட்டி செய்யும் மாக்கல்லை ரம்பத்தால் அறுத்துச் சிறு கட்டிகளாக்கலாம். முட்டை ஓட்டை உடைத்து அட்டையில் ஒட்டினால் ஒழுங்கற்ற கற்கட்டுப் போல வரும். இதைவிட எளியது எம்-சாண்ட். கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் அது குவிந்திருக்கும். அதைச் சலித்து 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள துண்டுகளைப் பொறுக்கி, ஃபெவிகால் தடவிய அட்டையில் ஒவ்வொன்றாக வைக்கலாம். எம்-சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்துச் செய்ததே. ஆகவே கல்லின் நிறத்துக்குத் தனியே வண்ணம் தீட்டத் தேவையில்லை.

எந்த வகையானாலும் சில விதிகள் பொது. பெரிய கற்கள் கீழே, சிறியவை மேலே. மேல்வரிசையின் செங்குத்து இணைப்பு கீழ்வரிசையின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது. மூலையில் நீளக்கல்லும் குட்டைக்கல்லும் மாறி மாறி இருபுறமும் கோத்துச் செல்லவேண்டும். சுவரின் தலையில் மூடுகல் வேண்டும். மண்ணில் தேங்கும் நீர் வடியச் சிறு துளைகள் வேண்டும். அத்துளையின் கீழே கறுப்புக் கறையும், காரையிலிருந்து கசிந்த சுண்ணாம்பின் வெண்தாரையும் இடவேண்டும். ரயில் பாலமாயின் கைப்பிடிச் சுவரில் பாலத்தின் எண்ணும், நீரோடும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இருக்கும்.

வண்ணம் மூன்று படிகளில் முடியும். முதலில் அடிநிறம். அது காய்ந்தபின் நிறையத் தண்ணீர் கலந்த கரும்பழுப்பைத் தடவினால் பள்ளங்களில் இறங்கும். இறுதியில் தூரிகையின் வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்ச்சாம்பலை மேலாக இழுத்தால் கல்லின் முகடுகள் எழுந்து நிற்கும்.

ஓர் ஓடைப்பாலம்

இவ்விதிகளை நான் நூலில் கற்கவில்லை. 2007ஆம் ஆண்டு, நான் சமூக அறிவியல் கற்பித்த பள்ளியில் போக்குவரத்து பற்றிய கண்காட்சி நடந்தது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் பொம்மை ரயில் ஒன்றை வைத்து அதற்குப் பாலம் செய்தார்கள். பாலத்தின் சுவரில் சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்டிருந்தார்கள். பார்க்க வந்த ஒரு மாணவனின் தாத்தா கொத்தனார். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சார், கோட்டுக்கு நேரா கோடு வந்தா சுவரு நிக்காது. நம்ம ஏரி ஓடைப் பாலத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் மாலை அவரோடு போனோம். தினமும் அதன்மேல்தான் பள்ளிக்கு நடந்து வந்திருக்கிறோம். ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. ஏரியின் உபரிநீர் செல்லும் ஓடைக்குக் குறுக்கே கட்டிய சிறு கற்பாலம். மாணவர்கள் டேப்பைப் பிடித்து அளந்தார்கள். கரைச்சுவர் நீளம் 6 மீட்டர் 20 சென்டிமீட்டர். உயரம் 1 மீட்டர் 80 சென்டிமீட்டர். 11 வரிசைக் கற்கள். மிக நீளமான கல் 70 சென்டிமீட்டர். அது சுவரின் உட்புறம் வரை ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும் கட்டுக்கல் என்று தாத்தா விளக்கினார். "இதை உருவினா மத்தது எல்லாம் வந்துரும்" என்றார். ஒரு மாணவி நோட்டில் கல்லுக்குக் கல் வரைந்துகொண்டாள். இருட்டியதால் கடைசி மூன்று வரிசைகளை வரைய முடியவில்லை.

1:20 விகிதத்தில் 31 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் உயரமுமாகச் சுவரைச் சாக்பீஸ் துண்டுகளால் செய்தோம். அழகாக வந்தது என்று சொல்லமுடியாது. பரிசும் கிடைக்கவில்லை.

சில ஆண்டுகளில் தொழிற்சாலைகளுக்காகச் சாலை அகலமாயிற்று. அந்த இடத்தில் கான்கிரீட் குழாய்கள் வந்தன. அகலமான சாலை தேவைதான். என் மாணவர்கள் பலர் அதன் வழியாகவே ஷிஃப்ட் பேருந்தில் வேலைக்குப் போகிறார்கள். பழைய பாலத்தை யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. கொத்தனார் தாத்தாவும் இப்போது இல்லை. அந்தப் பாலம் எப்படி இருந்தது என்பதற்கு இன்று எஞ்சியிருப்பது ஒரு நோட்டின் இரண்டு பக்கங்களும், மூன்று வரிசை குறைந்த ஒரு படமும். ஓய்வுபெற்றபின் அந்த அளவுகளைக் கொண்டு 1:87 விகிதத்தில் அச்சுவரை மீண்டும் செய்தேன். 71 மில்லிமீட்டர் நீளம். ஒரு தீப்பெட்டியைவிடச் சற்று நீளம். எட்டு வரிசைகள் நோட்டில் உள்ளபடியே அமைந்தன. மேலே உள்ள மூன்று வரிசைகளை ஊகத்தில் வைத்தேன். அவற்றுக்கு வேண்டுமென்றே சற்று வெளிர் நிறம் தீட்டியிருக்கிறேன். பார்ப்பவருக்கு எது அளந்தது, எது ஊகித்தது என்று தெரியவேண்டும்.

இன்றைய நிலை

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி வேகமாக மாறிவருகிறது. புதிய சுவர்கள் பெரும்பாலும் தூண்களுக்கு இடையே கான்கிரீட் பலகைகளைச் செருகும் ரெடிமேட் காம்பவுண்டு சுவர்கள். ஒரே நாளில் நூறு அடி எழும்பும். அவற்றையும் மாதிரியில் செய்யவேண்டும். 2020களின் ஊரைக் காட்டும் அமைப்பில் அவையே உண்மை. அட்டையில் நீள்சதுரம் வெட்டி ஒட்டினால் போதும்.

கற்சுவர்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத் பக்கத்துப் பழைய பாலங்கள், மதகுகள், சத்திரச் சுவர்கள் ஆகியவற்றை அளந்து வைப்பதற்கு மாதிரி ரயில் ஒரு நல்ல காரணம். ரயில் தடத்துக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. ஆகவே ரயில் பாலங்களைச் சாலையிலிருந்தே படம் எடுக்கவேண்டும். படம் எடுக்கும்போது சுவரோரம் ஒரு மீட்டர் கோலை நிறுத்திவைக்க முடிந்தால் நல்லது. தொலைவில் உள்ளதற்கு வரிசைகளை எண்ணிக்கொள்ளலாம். ஏரி மதகுகளையும் ஓடைப்பாலங்களையும் கோடைக்காலத்தில் டேப்பால் நேராக அளக்கலாம். நீளம், உயரம், வரிசைகளின் எண்ணிக்கை, மிகப்பெரிய கல், மிகச்சிறிய கல், காரையின் தடிப்பு, நிறம் ஆகிய ஏழு குறிப்புகள் இருந்தால் யார் வேண்டுமானாலும் பிற்காலத்தில் அச்சுவரைச் செய்துவிடலாம். அளந்த தேதியையும் இடத்தையும் எழுதிவைக்க மறக்கக்கூடாது. இருட்டும் முன்பே போய்விடுவது நல்லது.